இளைக்கும் காலத்து ஆடைகள்

92 கிலோவிலிருந்து 83க்கு வந்திருக்கிறேன். இன்னும் இறங்க வேண்டும். 'முழுதும் இளைத்த பிறகு புதுத்துணி வாங்கலாமே' என்கிறார்கள் வீட்டில். அதுவரை இவ்வுடல் பழந்துணிக்குள் ஒளிந்திருக்க வேண்டுமா என்ன?

புடவை அளவு கேட்பதில்லை, அதே 5.5 மீட்டர் அன்றைய இடுப்பையும் சுற்றியது, இன்றைய இடுப்பையும் சுற்றுகிறது. கஞ்சியிட்ட பருத்தி விறைத்து நின்று பருமனைக் கூட்டிக் காட்டும். மெல்லிய மல்மல் உடலோடு தழையும். ரவிக்கையையும் குர்த்தாவையும் தெருமுனைத் தையற்காரர் சொற்பக் கூலிக்குப் பக்கவாட்டில் பிடித்துத் தருகிறார். தோள் அளவு மட்டும் வாங்கும்போதே பொருந்த வேண்டும்; அதைக் குறைக்கக் கையைப் பிரித்தாக வேண்டும், கூலி கூடும். சல்வாருக்கு நாடாவே உத்தமம். இடை சுருங்கச் சுருங்க இழுத்துக் கட்டலாம்.

எடை குறைய இன்னும் ஓராண்டு ஆகலாம். அந்த ஓராண்டும் என் ஆயுளில்தான் சேர்கிறது.