தளை தட்டிய வண்டி

காலையில் சாவியைத் திருப்பியதும் இரண்டு நொடி அந்தச் சத்தம் வரும். எவர்சில்வர் டம்ளரில் சில்லறையைப் போட்டுக் குலுக்கியது போல இருக்கும். பிறகு வழக்கமான டீசல் உறுமல்தான். அன்று முழுவதும் அது திரும்ப வராது.

2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்ததை 2021இல் என் சேமிப்பில் வாங்கினேன். தேர்ந்தெடுத்தவன் தம்பி. வாங்கிய அன்று என்னைத் தவிர எல்லாரும் ஓட்டிப் பார்த்தார்கள்.

சத்தத்தைப் பற்றிக் கணவரிடம் சொன்னேன். “டீசல் வண்டின்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்” என்றார். அவர் அந்த வண்டியில் ஏறுவது மாலையில், இன்ஜின் சூடான பிறகு. ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகி, சத்தமும் நின்றிருந்தது. “சார் ஓட்டிப் பார்த்தாரா மேடம்?” என்று கேட்டார்கள். அடுத்த முறை கணவரும் கூட வந்தார். நான் சொல்லச் சொல்ல, பதில் எல்லாம் அவருக்கே போனது.

நான் யாப்பு நடத்துகிறவள். மாணவி வெண்பா வாசிக்கும்போதே எங்கே தளை தட்டுகிறது என்று என் காது சொல்லிவிடும். அதன் பிறகுதான் அசை பிரித்துப் பார்ப்பேன். வகுப்பில் அந்தக் காதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. வண்டி விஷயத்தில் மட்டும் நானே சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. படியேறும்போது நெஞ்சை இறுக்குகிறது என்று அம்மா ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். “வயசானா அப்படித்தான்” என்றோம். நானும்தான் சொன்னேன். மருத்துவரிடம் அழைத்துப் போனபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வலி இல்லை. ஏழாவது மாதம் அம்மா இல்லை.

நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு சின்ன மெக்கானிக் கடை. வயதான மனிதர். “அண்ணே, வண்டி ராத்திரி இங்கேயே நிக்கட்டும். காலையில பானெட்டத் திறந்து வச்சிட்டு நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்றேன். மறுநாள் ஏழரைக்குப் போன் வந்தது. “நீங்க சொன்னது சரிதாம்மா. டைமிங் செயின்.”

நேரில் போனதும் விளக்கினார். கீழே சுழலும் கிராங்க்கையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டையும் அந்தச் செயின்தான் இணைக்கிறது. அது தொய்யாமல் பிடித்திருப்பது டென்ஷனர். அதற்கு ஆயில் அழுத்தம் வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அழுத்தம் ஏற ஓரிரு நொடியாகும். செயின் நீண்டு போயிருந்தால் அதற்குள் அடித்துக்கொள்ளும். பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதலாம், இன்ஜினே போய்விடலாம். ஒரு சீரையும் அடுத்த சீரையும் பிணைப்பது தளை. என் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. பிறகு இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றினார். எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு அது. உள்ளே அடுப்புக்கரி போல அப்பியிருந்தது. “எம்மாந்தூரம் ஓட்டுறீங்க?” என்றார். இலாசுப்பேட்டை வீட்டிலிருந்து கல்லூரிக்கு நாலு கிலோமீட்டர். “டீசல் வண்டி நல்லா சூடேறி ஓடணும்மா. கிட்டக்கிட்ட ஓட்டினா கரிதான் புடிக்கும்.”

தூரப் பயணம் என்றால் எங்கள் வீட்டில் கணவரின் காரும் அவர் கையில் ஸ்டீயரிங்கும்தான். நான் அதை மாற்ற நினைத்ததுமில்லை.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் அவர் செய்த காரை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். மேடேற இன்னொரு கியர் வேண்டும் என்று திரும்பி வந்து சொன்னார். ஓட்டியவர் என்பதால் அவருக்குத் தெரிந்திருந்தது.

பழைய டீசல் வண்டி வாங்கப்போகும் மாணவிகளுக்கு இதைச் சொல்கிறேன். காலையில் போங்கள்; பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். முதல் இரண்டு நொடியை நீங்களே கேளுங்கள். கறும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் டீசல் முழுதாய் எரியவில்லை, அல்லது கூலன்ட் உள்ளே கசிகிறது. வேகமெடுக்கையில் ‘உஸ்’ஸென்று சத்தம் வந்து வண்டி இழுக்காவிட்டால் டர்போ குழாய் கிழிந்திருக்கலாம். ஸ்பீட் பிரேக்கரில் ‘டொக்’ என்றால் லிங்க் ராடைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செயின் மாற்றிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய் வந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. உப்பளத்துப் பக்கம் நிறுத்தி டீ குடித்தேன்.

மறுநாள் காலையில் சாவியைத் திருப்பும்போது கணவர் வாசலில் நின்றிருந்தார்.

“சத்தம் நின்னுடுச்சா?”

“இருந்திச்சுன்னு இப்பத்தான் ஒத்துக்கிறீங்க” என்றேன்.