'முடிந்தது' என்னும் சொல்

ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டி எங்கள் தொகுதியின் சட்டசபை உறுப்பினர் ஓர் அறிக்கை வெளியிடுவது வழக்கம். பதினாறு பக்கங்கள்; வழவழப்பான காகிதம்; 'கார்ய அஹவால்' என்று மராத்தியில் தலைப்பு. சென்ற ஆண்டில் தொகுதிக்குச் செய்த பணிகள் எவை, வரும் ஆண்டில் முதலிடம் பெறுவன எவை என்று அதில் வரிசையாக அச்சிட்டிருக்கும். மராத்தி எழுத்தை வாசிக்க இயலாத முதியோரும் பெண்டிரும் மும்பைத் தமிழருள் இன்றும் பலர் உண்டு. ஆதலால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவ்வறிக்கையைச் சங்கக் கூடத்தில் தமிழில் படித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. இந்நகரில் பிறந்து, மராத்திப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேறியவன் என்பதே அதற்கு எனக்கிருந்த தகுதி.

நான் இரயில்வேயில் குமாஸ்தா. 1966ஆம் ஆண்டின் இரயில்வே ஊழியர் நடத்தை விதிகள் எங்களைப் போன்றோர் அரசியலில் ஈடுபடுவதைத் தடுக்கின்றன. எனவே சங்கச் செயலாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: "ஒரு கட்சியைப் புகழவும் மாட்டேன், இகழவும் மாட்டேன். அண்டை வீட்டாருக்கு வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவதுபோல் படித்துக் காட்டுவேன். கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை." இந்தக் கொள்கையையே முழு நேர்மை என்று நான் எண்ணியிருந்தேன். அதில் ஒரு குறை இருந்ததை எனக்குக் காட்டியவர் என் தாயார்.

என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து தாராவியில் தோல் பதனிடும் வேலை செய்தவர். என் தந்தையார் இரயில்வேப் பட்டறையில் தொழிலாளியாக இருந்து, பணியிலிருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு அத்துறையிலேயே கடைநிலை உத்தியோகம் கிடைத்தது. பின்னர் இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனேன். என் தாயார், மனைவி, இரு குழந்தைகளுடன் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரு கோலியில் வாழ்கிறோம். எங்கள் சந்தில் அறுபது வீடுகள். சந்தின் கோடியில் எட்டு அறைகள் கொண்ட பொதுக் கழிப்பிடம். ஆண்களில் முப்பத்தைந்து பேருக்கு ஓர் இருக்கை, பெண்களில் இருபத்தைந்து பேருக்கு ஓர் இருக்கை என்பது தூய்மை இந்தியாத் திட்டத்தின் கணக்கு. எங்கள் சந்தில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் வருத்தப்படுவார். ஆகவே நாங்கள் கணக்குப் போடுவதில்லை. அதிகாலையில் எழுந்து போய் வரிசையில் நின்றுவிடுகிறோம்.

2022ஆம் ஆண்டு ஜூலை மாதம். கனமழை. விடியற்காலை நாலரை மணிக்கு என் தாயார் வழக்கம்போல் வாளியை எடுத்துக்கொண்டு போனார். கழிப்பிடத்தின் அருகே விளக்கு இல்லை. பாசி படிந்த கல்லில் கால் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சோற்றைப் பிசைந்து உண்ணும் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பேத்தி ஊட்ட உண்டார்.

அவ்வாண்டுத் தீபாவளி அக்டோபர் 24ஆம் நாள். அதற்கு முந்திய ஞாயிறன்று கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தனர். நான் அறிக்கையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஏழாம் பக்கத்தில் எங்கள் சந்தின் பெயர் வந்தது. பொதுக் கழிப்பிடத்தின் கதவுகளைப் பழுது பார்த்தல், கழிப்பிட வாயிலில் விளக்குக் கம்பம் நடுதல் ஆகிய இரண்டு பணிகள் குறிக்கப்பட்டிருந்தன. இரண்டுக்கும் நேரே 'முடிந்தது' என்று இருந்தது. நான் ஒரு கணம் தயங்கினேன். பிறகு, கூட்டுவதில்லை குறைப்பதில்லை என்ற என் கொள்கை நினைவுக்கு வரவே, மற்ற வரிகளைப் படித்த அதே குரலில் "முடிந்தது, முடிந்தது" என்று படித்துவிட்டு எட்டாம் பக்கத்தைப் புரட்டினேன்.

வீடு திரும்பியதும் அம்மா கேட்டார்: "ஏய்யா, நம்ம சந்துல லைட்டு போட்டு முடிச்சாச்சுன்னு வாசிச்சியே, அது எந்தச் சந்து?"

"அச்சுல அப்படித்தாம்மா போட்டிருக்கு."

"அச்சுல உள்ளது அவுக சொன்னது. நாங்க தமிழ்ல கேட்டது நீ சொன்னதுல்லா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கட்டுப் பிரித்த கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் அறிக்கையை அச்சிட்டவரின் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். இருட்டில் தாய் விழுந்த இடத்தில் விளக்கு எரிவதாக மகன் படித்திருக்கிறான்.

சிந்தித்துப் பார்க்கையில் வேறொன்றும் விளங்கிற்று. எங்கள் அலுவலகத் தபால் பதிவேட்டில் ஒவ்வொரு கடிதத்துக்கும் நேரே ஒரு கட்டம் உண்டு. கடிதத்துக்கு ஏதேனும் ஒரு பதில் அனுப்பிவிட்டால் அதில் 'பைசல்' என்று எழுதுவோம். மனுப் போட்டவருக்குக் காரியம் ஆயிற்றா என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை. நானே எத்தனை கடிதங்களை அப்படிப் பைசல் செய்திருப்பேன்! சட்டசபை உறுப்பினரின் 'முடிந்தது' நான் எழுதும் 'பைசல்' போன்றதோ என்ற ஐயம் எழுந்தது. குறை கூறுமுன் கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று அடுத்த சனிக்கிழமை அவருடைய மக்கள் தொடர்பு அலுவலகத்துக்குச் சென்றேன்.

அங்கே பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அந்த இரண்டு மணி நேரமும் எனக்குப் பாடமாயிற்று. பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்காக ஒருவர். மருத்துவமனைக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டி ஒருவர். ரேஷன் அட்டையில் மருமகளின் பெயரைச் சேர்க்க ஒரு முதியவள். குடிசை மாற்றுத் திட்டத்தில் இலவச வீடு பெறுவதற்கு, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்பே குடியிருந்ததை மெய்ப்பிக்கும் சான்று தேடி ஒரு குடும்பம். சாக்கடை அடைப்பு, குப்பை அள்ளாமை என்று வந்தவர்களும் இருந்தனர். இவை மாநகராட்சியின் வேலைகள். ஆனால் 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தேர்தல் நடவாமல் நிர்வாக அதிகாரியின் ஆட்சி மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. வட்டத்துக்கு ஒரு கவுன்சிலர் என்றிருந்த கதவு அடைபட்டபோது, அந்தக் கூட்டமும் சட்டசபை உறுப்பினரின் வாயிலுக்கே வந்தது.

என் முறை வந்ததும் அங்கிருந்த உதவியாளரிடம் ஏழாம் பக்கத்தைக் காட்டினேன். இளைஞர், பொறுமைசாலி. கோப்பை எடுத்து வைத்து விளக்கினார். மகாராஷ்டிரத்தில் சட்டசபை உறுப்பினர் ஒவ்வொருவருக்குமான தொகுதி மேம்பாட்டு நிதி 2022இல் ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு காசும் அவர் கைக்கு வருவதில்லை. இன்ன இடத்தில் இன்ன பணி வேண்டும் என்று அவர் பரிந்துரை எழுதுகிறார். மாவட்ட ஆட்சியர் நிர்வாக ஒப்புதல் தருகிறார். மாநகராட்சியோ, வீட்டு வசதி வாரியத்தைச் சேர்ந்த குடிசைப் பகுதி மேம்பாட்டு மன்றமோ ஒப்பந்தக்காரரை அமர்த்தி வேலையைச் செய்கிறது. எங்கள் சந்தின் பணிகளுக்குப் பரிந்துரையும் ஒப்புதலும் ஆகியிருந்தன. அதைத்தான் 'முடிந்தது' என்று அச்சிட்டிருந்தார்கள்.

கோப்பின் அடியில் ஆங்கிலக் கடிதம் ஒன்று கிடந்தது. அதைக் கண்டதும் எனக்கு வியர்த்தது. அது எங்கள் துறையின் கடிதம். விளக்குக் கம்பம் நடுவதற்குக் குறித்த இடம் இரயில்வே நிலத்தின் எல்லைக்குள் வருவதால், ஆட்சேபம் இல்லை என்ற சான்று கேட்டிருந்தார்கள். எங்கள் துறையினர் மறுக்கவில்லை. எல்லைக் கல்லிலிருந்து கம்பம் எத்தனை அடி என்று காட்டும் வரைபடத்தை அனுப்புமாறு கேட்டிருந்தனர். இங்கே அதை மறுப்பு என்று எண்ணிக் கோப்பின் அடியில் வைத்துவிட்டார்கள். அங்கே, பதில் அனுப்பியாயிற்று என்று ஒரு குமாஸ்தா 'பைசல்' எழுதியிருப்பார். அந்தக் குமாஸ்தா நானல்லேன். ஆனால் நானாக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

மறுநாள் அந்த உதவியாளர் அளவு நாடாவுடன் எங்கள் சந்துக்கு வந்தார். எல்லைக் கல்லை நான் நாள்தோறும் தாண்டிப் போகிறவன். அளந்து பார்த்தது அன்றுதான். குறித்த இடம் இரயில்வே நிலத்துக்குள் இரண்டடி இருந்தது. கம்பத்தை மூன்றடி தள்ளிக் கழிப்பிடச் சுவரோரம் நட்டால் அது மாநகராட்சி இடம். எவருடைய சான்றும் வேண்டா. இந்த மூன்றடிக்காக ஒரு மழைக்காலம் முழுதும் இருட்டில் கழிந்திருக்கிறது.

நவம்பரில் சட்டசபை உறுப்பினரையே நேரில் காண வாய்த்தது. நான் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு, "கையொப்பமிட்டு அனுப்பியதும் என் பக்கத்து வேலை முடிந்துவிடுகிறது; எனக்கு அது முடிந்த வேலையாகவே தோன்றுகிறது," என்றார்.

"தங்கள் பக்கத்தில் முடிந்தது, சாஹேப், எங்கள் பக்கத்தில் இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது," என்றேன். என் குரல் நடுங்கியது உண்மை. அவர் சிரிக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை. அறிக்கையில் 'பரிந்துரை', 'ஒப்புதல்', 'முடிவு' என்று மூன்று கட்டங்கள் போட்டால் எவருக்கும் மயக்கம் வராது என்ற என் யோசனையை உதவியாளரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். டிசம்பரில் அவர் நாகபுரிக் கூட்டத்தொடருக்குப் போய்விட்டார்.

2023 பிப்ரவரியில் ஒரு நாள் மாலை கம்பம் நட்டு விளக்கு ஏற்றினார்கள். சந்துப் பிள்ளைகள் அதன்கீழ் இரவு பத்து மணி வரை விளையாடினர். அம்மா மட்டும் மறுநாள் நாலரை மணிக்குப் போய்த் திரும்பிய பின்புதான், "எரியுதுய்யா," என்றார். கழிப்பிடக் கதவுகளோ அப்படியே இருந்தன; இரண்டு அறைகளுக்குக் கதவே இல்லை; மற்றொன்றில் சாக்குப் படுதா தொங்கியது.

அவ்வாண்டுத் தீபாவளி அறிக்கையில் இரண்டு கட்டங்களே இருந்தன. 'ஒப்புதல்' என்றும் 'முடிந்தது' என்றும். கேட்டதில் பாதி கிடைத்தது. மீதியை நாங்களே செய்துகொள்வது என்று தீர்மானித்தோம். கூட்டத்துக்கு முந்திய வாரம் சந்துக்கு இருவராகப் பெண்கள் அறிக்கையின் பட்டியலோடு நடந்து போய்த் தத்தம் சந்துப் பணிகளைக் கண்ணால் பார்த்து வந்தார்கள். எங்கள் சந்துக்கு என் தாயாரும் பக்கத்து வீட்டு அக்காளும். நன்மையையும் மறையாது சொல்லவேண்டும்: பட்டியலில் இருந்த பதினொரு பணிகளில் எட்டு உண்மையிலேயே முடிந்திருந்தன. இரண்டு சந்துகளுக்குத் தளக்கல் பதித்தது மிக நேர்த்தியான வேலை என்று பெண்கள் ஒருமுகமாகக் கூறினர். எட்டையும் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டினோம்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெளி மாநிலத்தில் வாழும் நாம், நம் தொகுதி உறுப்பினர் தமிழராக இருந்தால்தான் நம் குறை தீரும் என்று எண்ணிச் சோர்கிறோம். தமிழர் ஒருவர் இந்நகரிலிருந்து சட்டசபைக்குச் செல்வது பெருமைதான். சயான் கோலிவாடாத் தொகுதியில் 2014 முதல் மும்முறை தமிழ்ச்செல்வன் வெற்றி பெற்றதைக் கண்டு மகிழ்ந்தோம். எங்கள் உறுப்பினர் மராத்தியர். எங்கள் விளக்கைத் தடுத்தது மொழி அன்று. கேட்கப்படாத ஒரு கேள்வி. எந்தப் பணியின் கோப்பு எங்கே இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தில் எவரும் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது 2005ஆம் ஆண்டிலிருந்து சட்டம். அதற்கும் முன்பாக, நேரில் போய்ப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்காருவதற்குக் கட்டணமே இல்லை.

கூடத்துக் கரும்பலகையில் மூன்றாவது கட்டம் ஒன்றை நான் சுண்ணக்கட்டியால் வரைந்திருக்கிறேன். 'பார்த்தோம்' என்பது அதன் தலைப்பு. 2023 தீபாவளிக் கூட்டத்தில் எங்கள் சந்தின் முறை வந்தது. "விளக்கு," என்று படித்துப் பெண்கள் வரிசையை நோக்கினேன். அம்மா தலையசைத்தார், 'ஆம்' என்று எழுதினேன். "கழிப்பிடக் கதவுகள்: முடிந்தது," என்று அடுத்த வரியைப் படித்தேன். அம்மா, முறிந்து கூடிய கையை உயர்த்தி, இல்லையென்று ஆட்டினார்.

நான் 'இல்லை' என்று எழுதினேன். திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மீண்டும் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.