எங்கள் தோட்டத்து ஆவாரை

நாங்கள் எட்டாம் வகுப்பில் படித்தபோது மழை பொய்த்தது; பள்ளிக் கிணறு வற்றியது. விடுதி மாணவியருக்கே தண்ணீர் போதாதபோது ரோஜாவுக்கு ஊற்றுவது எங்ஙனம்? பாத்திகள் கருகின. அங்கே ஆவாரை வைக்கலாம் என்றோம். “சாலையோரச் செடி பள்ளி முற்றத்திலா?” என்று தோழியர் சிலர் நகைத்தனர். தோட்டத்தைக் கவனிக்கும் சிஸ்டரோ சம்மதித்தார்.

முற்றிய நெற்றுகளிலிருந்து விதை எடுத்தோம். அதன் தோல் கடினமானது. ஆகவே சுடுநீர் ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு ஊன்றினோம். நீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் பாத்தியை மேடாக்கினோம். முதற் கோடையில் மட்டும், கை கழுவிய நீரை முறை வைத்துச் சுமந்தோம்.

இரண்டாம் ஆண்டில் பொன்மஞ்சள் பூக்கள் குலுங்கின! குறிஞ்சிப்பாட்டு கூறும் 99 மலர்களுள் ஆவிரையும் ஒன்று எனத் தமிழாசிரியை சொன்னபோது பெருமிதம் கொண்டோம். இதன் பட்டை தோல் பதனிட உதவுகிறது. தெலங்கானாவின் மாநில மலரும் இதுவே. நகைத்த தோழியரே பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆளுக்கொரு கொத்துக் கேட்டு வாங்கிச் சென்றனர்.

அன்புத் தங்கையரே, நாங்கள் விடைபெறும் நாள் நெருங்குகிறது. ஆவாரைக்குக் குடம் குடமாய்த் தண்ணீர் வேண்டாம். பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் கவாத்துச் செய்யுங்கள். மிச்சமாகும் நீர் விடுதிப் பிள்ளைகளின் தாகம் தீர்க்கட்டும்.