சேமநிதியும் உபகாரச் சம்பளமும்

நம் வீட்டுத் திண்ணைக்கு மாலைதோறும் நண்பர் இருவர் விஜயம் செய்வதுண்டு. இருவரும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள்.

ஒருவர் மத்திய சர்க்காரில் 2004-க்கு முன்பே சேர்ந்துவிட்ட பாக்கியசாலி. கடைசிச் சம்பளத்தில் பாதி உபகாரச் சம்பளமாக மாதந்தவறாமல் வருகிறது. விலைவாசியைப் பின்தொடர்ந்து அகவிலைப்படியும் ஏறுகிறது. அவருக்குப் பின் மனைவிக்கும் குடும்பப் பென்ஷன் உண்டு.

மற்றவர் மில் குமாஸ்தா. 1952-ஆம் வருஷத்துச் சட்டப்படி, சம்பளத்தில் நூற்றுக்கு 12 வீதம் சேமநிதிக்குப் பிடித்தார்கள். முதலாளியும் 12 செலுத்தினார். அதில் 8.33 பென்ஷன் நிதிக்குப் பிரிந்து போயிற்று. மொத்தமாகக் கைக்கு வந்த தொகை பெண்ணின் கலியாணப் பந்தலோடு கரைந்தது. (நாமும் அந்த விருந்தைப் புசித்தவர்களே!) எஞ்சியிருப்பது 1995-ஆம் வருஷத் திட்டத்தின் சொற்பப் பென்ஷன். விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அது ஏறுவதில்லை.

"எனக்கு மட்டும் அரிசி பழைய விலைக்கா கிடைக்கிறது?" என்று நேற்றுக் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார், நமக்குச் சிரிப்பு வரவில்லை.