எஞ்சிய தூரம்

இப்போது வருகிற கார்களின் முகப்பில், ஸ்டியரிங்குக்குப் பின்னால், சிறிய எண் ஒன்று ஒளிர்கிறது. இருக்கிற பெட்ரோலில் இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடலாம் என்பது அதன் பொருள். (தமிழாசிரியன் 'மகிழுந்து' என்றுதான் எழுதவேண்டும். ஆனால் பொள்ளாச்சியில் எவரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. கார் என்றே இருக்கட்டும்.) இந்த எண்ணை நம்பலாமா என்கிற கேள்வி சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு அவ்வளவாக எழுவதில்லை. கோவையிலிருந்து ஈரோட்டுக்குப் போகிறவர் நூற்றைம்பது என்று பார்த்துவிட்டுப் புறப்பட்டால், ஏறக்குறைய அந்தக் கணக்கிலேயே எண் குறைந்துகொண்டு வருகிறது. வால்பாறைக்கு ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் இந்த எண்ணின் உண்மையான குணம் தெரியும்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். ஆழியாறு அணைவரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே சமதளம். அதற்கப்பால் மலை தொடங்குகிறது. 40 கொண்டை ஊசி வளைவுகள். அட்டகட்டி, வாட்டர்ஃபால் எஸ்டேட், கவர்கல் என்று ஏறிப்போய், ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் வால்பாறை. மனைவியின் அக்காள் குடும்பம் அங்கே இருப்பதால் ஆண்டுக்கு நான்கைந்து முறை இந்தச் சாலையில் போய்வருகிறேன். போகும்போதெல்லாம் அந்த எண்ணைக் குறித்துவைக்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஒரு பயணத்தின் குறிப்பை மட்டும் தருகிறேன். ஆழியாறு சோதனைச்சாவடியில் எண் 216. மேலே நாற்பது கிலோமீட்டர் ஓடி வால்பாறையை அடைந்தபோது 176 இருக்கவேண்டும், 96தான் இருந்தது. நாற்பதுக்கு நூற்றிருபது போய்விட்டது. மறுநாள் மாலை திரும்பி அதே சாவடிக்கு இறங்கியபோது 134. ஒரு சொட்டு பெட்ரோலும் போடவில்லை. நாற்பது கிலோமீட்டர் ஓடியிருக்கிறோம். எண்ணோ முப்பத்தெட்டு கூடியிருக்கிறது. ஓடஓடக் கூடும் பெட்ரோலை அட்சயபாத்திரம் என்றுதான் சொல்லவேண்டும்!

இதில் மாயம் ஒன்றுமில்லை. டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்பதை அது சொல்கிறது. எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சப்பட்டது என்பதைக் காரின் கணினி அறியும். ஓடிய தூரத்தையும் அறியும். கடந்த சில பல கிலோமீட்டர்களில் கிடைத்த மைலேஜைக் கணக்கிட்டு, மிச்சமிருக்கும் பெட்ரோலால் பெருக்கிக் காட்டுகிறது. சமவெளியில் லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்த வண்டி, பன்னிரண்டு லிட்டர் இருக்கும்போது 216 என்றது. ஏற்றத்தில் நான்கு லிட்டர் தீர்ந்து எட்டு லிட்டர் மீந்தபோது, சராசரி பன்னிரண்டாக விழுந்திருந்ததால் 96 என்றது. இறக்கத்தில் கியரிலேயே ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதைக் கணினி நிறுத்திவிடுகிறது. சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. செலவு குறைகிறது, சராசரி ஏறுகிறது, எண்ணும் ஏறுகிறது.

ஏற்றத்துக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவாகும் என்று எங்கள் கல்லூரி இயற்பியல் துறை நண்பர் ஒரு துண்டுத்தாளில் போட்டுக் காட்டினார். காரும் அதில் இருப்பவர்களும் சேர்ந்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 800 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 94 இலட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 320 இலட்சம் ஜூல். எஞ்சின் அதில் கால்வாசியைத்தான் ஓட்டத்துக்குத் தரும். ஆக, மலையின் உயரத்துக்கு மட்டும் ஒரு லிட்டருக்குச் சற்று மேலே காணிக்கை வைக்கவேண்டும். இரண்டாம் கியரில் திணறுவதும், வளைவுக்கு வளைவு நின்று எழுவதும் தனிச் செலவு.

என் மனைவியின் அக்காள் கணவர் எஸ்டேட்டிலிருந்து தேயிலை ஏற்றிக்கொண்டு கோவைக்கு லாரி ஓட்டியவர். டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்துப் பழகிய தலைமுறை. இத்தனை விளக்கத்தையும் நான் சொல்லக் கேட்டுவிட்டு அவர் இரண்டே வாக்கியத்தில் முடித்தார்:

"தம்பி, அது பின்னாடி பாத்துட்டுச் சொல்லுது. ரோடு முன்னாடியில்ல கெடக்குது."

இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது. அந்த எண் கடந்த வழியின் நினைவு. வரப்போகும் வழியைப் பற்றிய வாக்காக அதை நாம் வாசிக்கிறோம். வந்த வழியும் போகிற வழியும் ஒன்றுபோல இருக்கும் வரையில் வேறுபாடு தெரிவதில்லை. ஆழியாறு அணையைத் தாண்டியதும் தெரிந்துவிடுகிறது.

அவர் அதை வெறும் பேச்சாகச் சொல்பவர் அல்லர் என்பதை ஓர் ஆடி மாத இரவில் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூச்சு இழுத்தது. உள்ளூரில் முதலுதவி செய்து, உடனே பொள்ளாச்சிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியுடன் முன்பே மலையிறங்கியிருந்தது. இரவு பதினொன்றரை மணி, பங்க் மூடியாயிற்று. அந்த வீட்டார் சொந்தக்காரர் ஒருவரின் கார் அன்று மாலைதான் கீழேயிருந்து ஏறி வந்திருந்தது. சாவியைத் திருகியதும் எண் 58 என்றது. போகவேண்டியது 64. குழந்தையின் தகப்பனார் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, காட்டுக்குள் வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்று கலங்கிப்போனார். அந்தக் கலக்கம் நியாயமானது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துப்போகலாம். மழையில், வளைவில், யானை நடமாடும் சாலையில் அது சிறிய விஷயம் அன்று.

அண்ணன் (நான் அவரை அப்படித்தான் அழைப்பேன்) எண்ணைப் பார்க்கவே இல்லை. "ஏறி வந்த கணக்கு அது. நாம எறங்கப் போறோம். ஏறுங்க" என்றார். கவர்கல் வரையிலான ஏற்றத்தில் எண் 49க்கு விழுந்தது. பின்னிருக்கையில் ஒருவரும் பேசவில்லை. அதற்குப் பிறகு இறக்கம். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று யாரோ சொன்னதற்கு அவர் பதிலே சொல்லவில்லை, கியரிலேயே இறக்கினார். ஆழியாற்றில் எண் 63. பொள்ளாச்சி மருத்துவமனை வாசலில் 38. குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அன்று எண்ணை நம்பியிருந்தால் விடியும்வரை காத்திருந்திருப்பார்கள். இதே எண்ணை எதிர்த்திசையில் நம்பினால் நேர்மாறான ஆபத்து. ஆழியாற்றில் எண்பது காட்டுகிறது, மேலே நாற்பதுதானே என்று ஏறுகிறவர் பாதி மலையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட வைத்திருக்கமாட்டார். மளுக்குப்பாறை வழியாகச் சாலக்குடிக்குப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்லவேண்டும்: அங்கே வாழச்சால் வரைக்கும் காடு, எண் குறைந்தாலும் நிறுத்திப் போட்டுக்கொள்ள இடமில்லை.

முன்னால் பார்த்துச் சொல்லும் ஏற்பாடும் இதே வால்பாறையில் இருக்கிறது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை யானைகளின் நடமாட்டத்தைத் தொடர்ந்து கவனித்து, அவை எங்கே நிற்கின்றன என்பதைக் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்தாகவும் தெரிவிக்கும் முறையை உண்டாக்கியது. யானை அருகிலிருந்தால் எரியும் சிவப்பு விளக்குகளையும் எஸ்டேட் சாலைகளில் நிறுத்தியது. இந்தப் பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. அந்த விளக்குக்கு நாம் வந்த வழியைப் பற்றி அக்கறையில்லை. போகிற வழியில் என்ன நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. சொல்ல முடிவதற்குக் காரணம், யாரோ ஒருவர் அங்கே போய்ப் பார்த்திருக்கிறார் என்பதே.

நம் ஆற்றுப்படை நூல்களின் அடிப்படையும் இதுவே. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றுள் மலைபடுகடாம் 583 அடிகளில் கூத்தரை நன்னனிடம் வழிப்படுத்துகிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் யானையை நோக்கி எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், எங்கே வழுக்கும், எந்தக் குடியிருப்பில் உணவு கிடைக்கும் என்றெல்லாம் அது சொல்லிக்கொண்டே போகிறது. பரிசு பெற்றுத் திரும்புகிறவன், பெறப் போகிறவனுக்குச் சொல்கிறான். அவன் திரும்பி வந்த வழி இவன் போகவேண்டிய வழி. அதனால்தான் அந்தச் சொல்லை நம்ப முடிகிறது. வகுப்பில் இதை விளக்க இப்போதெல்லாம் காரின் எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறேன். மாணவர்களுக்கு உடனே பிடிபடுகிறது.

அப்படியானால் அந்த எண் பொய்யா? பொய்யில்லை. தனக்குத் தெரிந்ததைச் சரியாகவே சொல்கிறது. ஆழியாற்றைத் தாண்டி ஏறும்போது அதில் பாதியை மட்டும் என்னுடையதாக எண்ணிக்கொள்கிறேன். இறங்கி முடித்தவுடன் கூடியிருக்கும் கிலோமீட்டர்களை வரவில் வைப்பதில்லை. சமதளத்தில் சற்று நேரம் ஓடியபின் காட்டுவதையே கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பொள்ளாச்சியிலேயே டேங்கை நிரப்பிக்கொள்கிறேன். மின்சாரக் கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் இதே கதைதான். இறக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் மின்சாரமே திரும்பக் கிடைக்கிறது என்பது கூடுதல் பாக்கியம்.

ஒன்று மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கையின்போது மதிப்பெண் பட்டியல்களைப் புரட்டுகிறோம். எஸ்டேட் லயன் வீட்டில் வளர்ந்து, தேயிலை பறிக்கும் தாயின் கூலியில் படித்துவந்த பெண்ணின் மதிப்பெண் சற்றுக் குறைவாக இருக்கிறது. இவளால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கிறார். அது ஏறி வந்த கணக்கு என்று அவருக்குச் சொல்கிறேன். சேர்த்துக்கொண்ட பிறகு, சமதளத்தில் அவர்கள் ஓடும் ஓட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்.