எழுதுவதற்கு முன்னும் பின்னும்

கல்லூரிப் பேச்சுப் போட்டியிலும் கவியரங்கத்திலும் பரிசு வாங்கும் பிள்ளையைப் பார்த்தால், "நீ பத்திரிகைக்குப் போகலாமே" என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். நல்ல நடை வாய்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே அது ஆட்டம் காணும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு அந்தப் பிள்ளையை அனுப்புவார்கள். மனுவோடு நிற்கும் நீண்ட வரிசையில் யாரிடம் பேசுவது, என்ன கேட்பது, அவர் சொல்வது சரிதானா என்று யாரிடம் விசாரிப்பது? இதில் எதற்கும் நடை உதவாது.

மொழி வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எழுத உட்காருவதற்கு முன்னால் ஒருவர் பட்ட பாடும், எழுதி முடித்த பிறகு அவர் சுமக்கும் பொறுப்பும்தான் அவரை நம்பத்தகுந்தவர் ஆக்குகின்றன. மொழி இந்த இரண்டுக்கும் இடையில்தான் வருகிறது.

பாடு என்றதும் பி. சாய்நாத்தின் பெயர் நினைவுக்கு வரும். மும்பையில் ஆங்கிலப் பத்திரிகையாளராக இருந்த அவர், 1993ஆம் ஆண்டு டைம்ஸ் ஆஃப் இந்தியா தந்த ஆய்வு உதவித்தொகையைக் கொண்டு நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களுக்குக் கிளம்பினார். தமிழ்நாட்டில் அவர் தேர்ந்துகொண்டவை ராமநாதபுரமும் புதுக்கோட்டையும். சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர் பயணம் செய்தார். அதில் ஐயாயிரம் கிலோமீட்டர் நடை. பஞ்சமோ வெள்ளமோ வந்தால்தான் பத்திரிகைகள் கிராமத்தை எட்டிப் பார்க்கும். சாய்நாத் தேடியது வேறு. வயல்வேலை இல்லாத மாதங்களில் ஏழைகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஓர் ஊருக்கு அரை நாள் போய்த் திரும்ப முடியாது.

ராமநாதபுரத்தில் பனையேறி ஒருவரை அவர் சந்தித்தார். வறுமையைப் பற்றி உருக்கமாக நான்கு பத்தி எழுதியிருக்கலாம். உருக்கம் எழுதத் தெரியாதவரல்ல. அதற்குப் பதிலாக, அந்த மனிதர் ஒரு நாளில் எத்தனை மரம் ஏறுகிறார், ஒரே மரத்தில் எத்தனை முறை ஏறுகிறார், மரம் எவ்வளவு உயரம் என்று கணக்குப் பார்த்தார். கூட்டிப் பார்த்தால் தினமும் 250 மாடிக்கு மேல் ஏறுவதற்குச் சமமாக வந்தது. அந்த ஓர் எண் செய்கிற வேலையை எந்த உவமையும் செய்யாது. அதே பயணத்தில் புதுக்கோட்டையில் அவர் கண்டது, அறிவொளி இயக்கத்தின் வழியே கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டு சாலையில் போவதை. துன்பத்தைத் தேடிப் போனவர் மகிழ்ச்சி எதிரே வந்தபோது கண்ணை மூடிக்கொள்ளவில்லை, அதையும் எழுதினார். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்ட முடிவோடு போகிறவருக்கு அந்தச் சைக்கிள்கள் கண்ணில் பட்டிருக்காது. அந்தக் கட்டுரைகளில் பல 1996இல் நூலாக வந்தன.

கணக்கு என்ற சொல்லைக் கேட்டாலே பல எழுத்தாளர்கள் ஒதுங்குவார்கள். இது பெரிய இழப்பு. தினமணியில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆசிரியராக இருந்த ஏ.என். சிவராமன் 'கணக்கன்' என்றே புனைபெயர் வைத்துக்கொண்டு, பொருளாதாரத்தைச் சாதாரண வாசகருக்கும் புரியும் தமிழில் எழுதியவர். இன்றைக்கும் ஒரு திட்டத்தின் பயனாளிகள் 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தால் '10 சதவீதம் உயர்வு' என்று தலைப்பு வந்துவிடுகிறது. உயர்ந்தது 10 சதவீதப் புள்ளிகள். பழைய அளவோடு ஒப்பிட்டால் அது 25 சதவீத உயர்வு. பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகையையும் உண்மையில் செலவான தொகையையும் ஒன்றாக எண்ணி எழுதுவது இன்னும் பெரிய பிழை. இதைக் கற்றுக்கொள்ளக் கணிதப் பட்டம் தேவையில்லை. எண் கண்ணில் பட்டதும் ஒரு நிமிடம் நின்று, எதிலிருந்து எதற்கு என்று கேட்கும் பழக்கம் இருந்தால் போதும்.

தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாமலிருப்பதும் இதோடு சேர்ந்ததே. நகரத்தில் வளர்ந்த இளம் நிருபருக்குப் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் ஒரே காகிதம் போலத் தெரியலாம். நத்தம் என்பது ஊரார் குடியிருப்பதற்கான நிலம். மேய்க்கால் புறம்போக்கு என்பது கால்நடை மேய ஒதுக்கிய நிலம். இந்த வேறுபாட்டை யாரிடமும் கேட்காமல் எழுதினால், பாட்டன் காலத்திலிருந்து நத்தத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று அச்சில் ஏற்றிவிட நேரும். "எனக்குப் புரியவில்லை ஐயா, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. பத்து வருடம் அனுபவம் உள்ளவர்தான் இதைக் கேட்கத் தயங்குவார். புதிதாக வந்தவரைவிட அவருக்கே இந்த ஆபத்து அதிகம்.

நடை எங்கே பழகுகிறது என்பதற்குப் பாரதியைவிட நல்ல சான்று கிடைக்காது. மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த அவர், 1904இல் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் உதவி ஆசிரியரானார். கவிஞர் என்று சொல்லி அவருக்குக் கவிதைப் பகுதியைக் கொடுத்து உட்கார வைக்கவில்லை. ஆங்கிலத்தில் வரும் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் நாள்தோறும் தமிழாக்க வேண்டும். அரசியல், சட்டம், உலக நடப்பு என்று தமிழில் அதிகம் புழங்காத விஷயங்களை வாசகருக்குப் புரியும்படி, அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். பின்னாளில் அவர் எழுதிய எளிய உரைநடைக்கு இந்த மேசை வேலையும் ஒரு பட்டறையாக இருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். இன்று டெஸ்க் வேலை என்றால் முகம் சுளிக்கும் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பாரதியை அந்த மேசையில் உட்கார வைத்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878இல் நண்பர்களோடு சேர்ந்து தி ஹிந்துவைத் தொடங்கியபோது அச்சிட்டது 80 பிரதிகள். 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கினார். 1899இல் அதை நாளிதழாக்கினார். விதவை மறுமணத்தை ஆதரித்து அந்தக் காலத்தில் எழுதியவர்கள் வேறு சிலரும் உண்டு. ஐயரோ 1889இல், சிறு வயதிலேயே கணவனை இழந்த தன் மகளுக்கே மறுமணம் செய்து வைத்தார். சாதி விலக்கம் வந்தது, உறவினர் விலகினார்கள். ஊருக்குச் சொன்னதைத் தன் வீட்டு வாசலில் செய்து காட்டிய துணிவு அது. எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் இத்தனை பெரிய தியாகத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் பெண்களுக்குச் சம ஊதியம் வேண்டும் என்று தலையங்கம் எழுதும் அலுவலகத்தில், இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் பெண் செய்தியாளருக்கு வண்டி ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்பது நியாயம்தான்.

எழுதி முடித்த பிறகு வரும் பொறுப்புக்குப் பத்திரிகையாளர் சித்ரா சுப்பிரமணியத்தைச் சொல்ல வேண்டும். 1986இல் இந்தியா ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடமிருந்து பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் செய்தது. அதில் லஞ்சம் கைமாறியது என்று 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி சொன்னது. ஜெனீவாவில் இருந்த சித்ரா அதைப் பின்தொடர்ந்தார். அவருக்கு ஆவணங்கள் கிடைத்தன. தி ஹிந்துவில் அவை வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. யார் கொடுத்தது என்ற கேள்வி அரசியல்வாதிகளிடமும் சக பத்திரிகையாளர்களிடமும் ஓயவே இல்லை. சித்ரா வாய் திறக்கவில்லை. ஸ்வீடன் காவல்துறையின் முன்னாள் தலைவர் ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் 2012இல் தானாகவே முன்வந்து, கொடுத்தது நான்தான் என்று சொன்னார். கால் நூற்றாண்டு காக்கப்பட்ட ரகசியம் அது. செய்தியை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதைச் சாத்தியமாக்கியது இந்த மௌனம்.

இதைவிடச் சிறிய அளவில், தினமும், தாலுகா அளவில் காக்க வேண்டிய மௌனம் ஒன்று உண்டு. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்கிறது. பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என எதுவும் கூடாது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊர்ப் பெயரைப் போட்டு, தந்தை டீக்கடை வைத்திருக்கிறார், பிள்ளை எட்டாம் வகுப்பு என்றும் எழுதிவிட்டால் அந்த ஊரில் யாருக்கு அடையாளம் தெரியாது? சட்டத்தின் வாசகம் தெரிந்திருப்பது ஒரு பாதி. தன் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இந்த வரியை எழுதுவேனா என்று நினைத்துப் பார்க்கிற மனம் மறு பாதி. அந்த மனம் இல்லாதவர் எத்தனை அழகாக எழுதினாலும், அவரிடம் இந்தச் செய்தியைக் கொடுக்கக் கூடாது.

அச்சான பிறகு பிழை தெரியவந்தால் அதை ஒப்புக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். தி ஹிந்து 2006இல் வாசகர்களுக்காகவே தனியாக ஓர் ஆசிரியரை நியமித்து, திருத்தங்களை நாள்தோறும் வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கியது. தமிழ் இதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் இது இன்னும் வேரூன்றவில்லை. யூடியூப் செய்திகளில் தலைப்பை மாற்றிவிட்டு எதுவும் நடக்காதது போல இருந்துவிடுகிறார்கள்.

இத்தனை குணங்களையும் எழுதுகிறவரிடம் மட்டும் கேட்பது முறையாகாது. சாய்நாத் மாதக்கணக்கில் நடக்க முடிந்ததற்கு உதவித்தொகை இருந்தது. ஒரு தாலுகாவின் பகுதிநேர நிருபருக்குப் பெரும்பாலும் நிலையான சம்பளம் கிடையாது. அனுப்பும் செய்தியின் எண்ணிக்கையைப் பொறுத்துக் காசு வரும். சில இடங்களில் விளம்பரம் பிடித்துத் தரும் வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது. அதே ஊரில் நாளை எதிர்த்து எழுத வேண்டிய கடைக்காரரிடம் இன்று விளம்பரத்துக்குப் போய் நிற்கிறார். வண்டிக்குப் பெட்ரோல் தன் கைக்காசு. அவரிடம் போய் இரண்டாவது முறை விசாரித்தீர்களா என்று கேட்கிற செய்தி ஆசிரியர், அந்த இரண்டாவது பயணத்துக்கான செலவையும் ஒரு நாள் அவகாசத்தையும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கித் தர வேண்டும். பல ஊர்களில் நல்ல நிருபர்கள் இருக்கிறார்கள். ஊரின் ஓடை எங்கே அடைபட்டது, ரேஷன் கடை எந்த நாளில் பூட்டிக் கிடந்தது என்று தேதியோடு குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பு நோட்டுகளிலிருந்து கட்டுரைகள் பிறக்க, அவர்களுக்கு மாதச் சம்பளம் ஒன்று முதலில் வர வேண்டும்.