சுள்ளி வீடு

யானைமலைப் பக்கம் கண்மாய்க்கரைக் கருவேல மரங்களில் சுள்ளிக்கட்டு மாதிரி சின்னச் சின்னப் பைகள் தொங்கும். புழு தன் நூலால் குச்சிகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு. தலையை மட்டும் நீட்டி இலை தின்றபடி வீட்டையும் இழுத்துக்கொண்டு போகும். "பிய்க்காதடா, பாவம்" என்று அப்பத்தா சொல்லும். நான் ஒரு பையை பிளேடால் கிழித்தேன். உள்ளே இறக்கை, கால் எதுவும் இல்லாத மெத்தென்ற ஒரு பொதி. புழு செத்துப்போச்சு என்று எறிந்துவிட்டேன்.

முப்பது தாண்டியபிறகு ஹவாய் தீவுகளின் ஹைபோஸ்மோகோமா அந்துப்பூச்சிகளைப் பற்றி வாசித்தேன். அவற்றின் புழுக்களும் கூடு சுமப்பவைதாம். அதில் ஒன்று நத்தையை நூலால் கட்டிப்போட்டுத் தின்கிறது. 2005-இல் ரூபினாஃப், ஹெய்ன்ஸ் இருவரும் அதை விவரித்தார்கள். (புழு கறி தின்னுமா என்று அப்பத்தா கேட்டிருக்கும்.) அங்கிருந்து தேடித் தேடி நம்மூர்ப் பைப்புழுவுக்கு வந்து சேர்ந்தேன். யூமெட்டா கிராமெரி. ஆணுக்கு மட்டும்தான் இறக்கை. பெண் வளர்ந்த பின்னும் பைக்குள்ளேயே இருக்கும். ஆண்தான் தேடி வரும். முட்டையும் அங்கேயே.

அப்படியென்றால் நான் எறிந்தது வளர்ந்த பெண் பூச்சியாகத்தான் இருக்க வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதே கரையில் இரண்டு பைகள் தொங்கின. மகள் எட்டிப் பறிக்கப் பார்த்தாள். "பிய்க்காத பாப்பா" என்றேன். ஏன் என்றாள். அப்பத்தா மாதிரி "பாவம்" என்றுதான் வாயில் வந்தது.